அரங்கேற்று காதையில் ஆடரங்கும் ஏழிசையும்

இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துத் தமிழை முத்தமிழ் என்று வழங்குவது நம் மரபு. மேடையேறிப் பேசுவோர் பலரும் இச்சொல்லைப் பெருமையோடு எடுத்தாளுகின்றனர். ஆயினும், "இசைத்தமிழின் அடிப்படை யாது? நாடகத்தமிழுக்குரிய அரங்கு எத்தகையது?" என்று ஒரு மாணவன் எழுந்து வினவினால், நம்மில் எத்துணைப் பேர் தடையின்றி விடை கூறுவோம்? இயற்றமிழ் ஒன்றனையே கற்றும் கற்பித்தும் பழகிவிட்ட நமக்கு, ஏனைய இரண்டும் பெயரளவில் நின்றுவிட்டன.

இக்குறையைப் போக்குதற்குரிய நூல் நம் கையிலேயே இருக்கின்றது. அது சிலப்பதிகாரம். அதன் புகார்க் காண்டத்தில் மூன்றாவதாக அமைந்துள்ள அரங்கேற்று காதை, ஆடல் மகள் ஒருத்தி அரங்கேறுவதற்கு வேண்டிய அனைத்தையும் முறைப்படத் தொகுத்துரைக்கின்றது. ஆயின், வகுப்பறையில் நாம் விரைந்து கடந்துவிடும் பகுதியும் இதுவே. பாட்டில் அருஞ்சொற்கள் மிகுதி. உரையோ பாட்டினும் கடியது. ஆதலின், "மாதவி ஆடினாள், மன்னன் பரிசளித்தான், கூனி கொண்டுவந்த மாலையைக் கோவலன் வாங்கினான்" என்று கதையை மட்டும் சொல்லி அடுத்த காதைக்குச் சென்றுவிடுகின்றோம்.

இக்காதை படித்து முடிப்பதற்கு மட்டும் உரியதன்று. அளந்து பார்ப்பதற்கும் உரியது. கையில் ஓர் அளவுகோலும், பக்கத்தில் ஓர் ஆர்மோனியமும் இருந்தால், கடினமெனத் தோன்றும் இதன் பகுதிகள் பல எளிதில் விளங்கிவிடும். அதனை ஈண்டுக் காண்போம்.

நூல் நம்மை வந்தடைந்த வரலாறு

டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் 1892-ஆம் ஆண்டில் பதிப்பித்தார். அதன் பின்னரே பழைய இசை, நாடக இலக்கணங்கள் அறிஞர் கண்ணுக்குப் புலனாயின. அடியார்க்குநல்லார் உரை இல்லையேல், அரங்கேற்று காதையின் பெரும்பகுதி இன்று நமக்கு விளங்காமலே போயிருக்கும்.

இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்னும் ஐந்து நூல்களைத் துணையாகக் கொண்டே தாம் உரை எழுதுவதாக அவ்வுரையாசிரியர் கூறுகின்றார். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலியன தம் காலத்திலேயே இறந்துபட்டன என்றும் அவர் குறிப்பிடுகின்றார். துணைநின்ற ஐந்தனுள்ளும் பஞ்சமரபு ஒன்றே பிற்காலத்தில் ஏட்டிலிருந்து மீட்கப்பெற்று, 1970-ஆம் ஆண்டுகளில் அச்சேறி, ஆய்வாளர் பயில வந்தது. மேலும், அடியார்க்குநல்லார் உரையும் நூல் முழுமைக்கும் கிடைத்திலது. இசைப்பாட்டுகளால் நிறைந்த கானல்வரிக்கு அவர் உரை இல்லாதது பேரிழப்பே.

அச்சேறிய நூலைக் கொண்டு இசையாராய்ச்சியில் இறங்கியவர்களுள் இருவர் தலையாயவர். தஞ்சையில் மருத்துவராக விளங்கிய ஆபிரகாம் பண்டிதர், 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். ஈழத்தின் கீழ்க்கரையில் உள்ள காரைதீவில், சிலப்பதிகாரம் அச்சேறிய அதே 1892-ஆம் ஆண்டில் பிறந்த விபுலானந்த அடிகள், பல்லாண்டு உழைத்து 'யாழ் நூல்' இயற்றினார். அந்நூல் 1947 சூன் திங்களில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களிலேயே அடிகள் மறைந்தார். நாடகம் பற்றி 'மதங்கசூளாமணி' என்ற நூலை அவர் 1926-லேயே எழுதியிருந்தார். இசைத்தமிழ், நாடகத்தமிழ் இரண்டற்கும் ஒருவரே நூல் செய்தது நாம் கருதத்தக்கது.

ஆறு ஆசிரியர் கூடிய பணி

மாதவி ஐந்தாம் வயதில் பயிலத் தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் மன்னன் முன் அரங்கேறுகின்றாள். ஆடல், பாடல், அழகு என்னும் மூன்றில் ஒன்றும் குறையாத அவளைப் பற்றிக் கூறுமுன், அவளை உருவாக்கிய ஆசிரியர்களின் இலக்கணத்தைக் காதை கூறுகின்றது. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவி இயற்றும் புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அவர் அறுவர்.

ஆடலாசிரியனுக்கு எழிற்கை, தொழிற்கை ஆகியவற்றின் வேறுபாடு தெரிந்திருத்தல் வேண்டும். அழகுக்காகக் காட்டும் கை எழிற்கை. ஒரு செயலைக் காட்டும் கை தொழிற்கை. ஒரு கையால் காட்டுவதைப் பிண்டி என்றும், இரு கைகளும் இணைவதைப் பிணையல் என்றும் பிரித்துரைப்பர். ஒன்று வருமிடத்தில் மற்றொன்று வந்து கலத்தல் கூடாது. இன்று நாட்டியம் பயிலும் சிறுமியும் இவ்வேறுபாட்டை வடமொழிப் பெயர்களால் கற்கின்றாள். தமிழ்ப் பெயர்களையும் உடன் கற்பித்தால் இழப்பு ஒன்றும் இல்லை.

தண்ணுமையாசிரியனுக்குச் சொல்லப்பட்ட கடமை இன்னும் நயமுடையது. மற்றைக் கருவிகளின் ஒலி குறையும் இடத்தில் நிரப்புவதும், அவை மிகும் இடத்தில் அடங்கச் செய்வதும் அவன் தொழில். தன் கைத்திறனைத் தனியே காட்டுவதைக் காட்டிலும், நிகழ்ச்சி முழுவதையும் சமன் செய்வதே பெரிதெனக் கொள்ளப்பட்டது. பள்ளிக் கலைநிகழ்ச்சிகளில் முழவொலி பாட்டை விழுங்குவதைக் கேட்டுத் துன்புற்றோர்க்கு இவ்விலக்கணத்தின் அருமை விளங்கும்.

அரங்கின் அளவு

இனி அரங்கினைப் பார்ப்போம். முதலில் நிலத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். கோயில், பள்ளி, அந்தணர் இருக்கை, கிணறு, குளம், சோலை முதலியவற்றிலிருந்து விலகிய இடமாக அது இருத்தல் வேண்டும் என்று உரை கூறும். பின்னர் அளவுகோல். பொதிய மலை போன்ற உயர்ந்த மலைப்பக்கத்தில் வளர்ந்த மூங்கிலில், கணுவுக்குக் கணு ஒரு சாண் உள்ளதாகப் பார்த்துக் கொண்டுவந்து, இருபத்து நான்கு விரல் அளவில் நறுக்கிக் கோலாகக் கொள்வர். அக்கோலால் அளந்த அரங்கு, அகலம் 7 கோல், நீளம் 8 கோல், தரையிலிருந்து உயரம் 1 கோல். அரங்கின் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடைப்பட்ட உயரம் 4 கோல். புகுவதற்கும் போவதற்குமாக வாயில்கள் இரண்டு.

இதனை நம் கால அளவில் எங்ஙனம் கொள்வது? விரல் என்பதைச் சாதாரண விரலின் அகலமாகக் கொண்டு முக்கால் அங்குலம் என்றால், கோல் 18 அங்குலம் ஆகும். அது நாம் வழங்கும் முழம். அவ்வாறாயின் அரங்கு பத்தரை அடி அகலமும் 12 அடி நீளமும் உடையது. உத்தரம் பலகையிலிருந்து 6 அடி உயரத்தில் நிற்கும். பெருவிரலின் அகலமாகக் கொண்டு ஓர் அங்குலம் என்றால், கோல் இரண்டடி. அவ்வாறாயின் அகலம் 14 அடி, நீளம் 16 அடி, மேடை உயரம் 2 அடி, உத்தரம் 8 அடி உயரத்தில்.

இவ்விரண்டனுள் எது பொருந்தும்? ஆடுகின்றவள் கையைத் தலைக்கு மேல் உயர்த்துவாள், குதித்தும் ஆடுவாள். 6 அடி உயரத்தில் உத்தரம் இருப்பின் அவளுக்கு அது தடையே. மேலே திரையும் விதானமும் மாலைகளும் தொங்கவிடப்பட்டன என்று காதை கூறுவதையும் எண்ணிப் பார்த்தால், அங்கே இடம் இன்னும் குறைந்துவிடும். ஆதலின், பெருவிரல் அளவே தக்கது என்று கொள்ளலாம். இவ்வரங்கின் பரப்பு 224 சதுர அடி. ஒருத்தி தனித்து ஆடுவதற்கும், பாடுவோரும் கருவியாளரும் அருகே அமர்வதற்கும் அது போதுமானது.

வடமொழியில் பரத முனிவர் நூலும் 24 விரல் கொண்ட முழத்தையே அளவாகக் கூறுகின்றது. அதில் வரும் நடுத்தர நாடகசாலை 64 முழ நீளமும் 32 முழ அகலமும் உடையது. அது காண்போர் இருக்கும் இடமும் உட்பட முழுச் சாலையின் அளவு. இளங்கோவடிகள் கூறுவதோ ஆடரங்கின் அளவு மட்டுமே. இரண்டையும் நேர்வைத்து ஒப்பிட்டு, ஒன்று சிறிது, ஒன்று பெரிது என்று வாதிடுதல் பொருந்தாது. அளவுக்குரிய கோல் இரண்டு மரபுக்கும் பொதுவாய் இருந்தது என்பதே அறியத்தக்கது.

விளக்கும் திரையும்

அரங்கில் விளக்கு வைக்கும் முறையை ஒரே தொடரில் காதை சொல்லிவிடுகின்றது. தூண்களின் நிழல் அரங்கின்மேல் விழாமல் புறத்தே விழும்படி விளக்குகளை நிறுத்தல் வேண்டும் என்பது அதன் பொருள். விளக்கு தூணுக்கு வெளியே இருந்தால் தூணின் நிழல் ஆடுபவள் முகத்தில் விழும். தூணுக்கு உட்புறமாக இருந்தால் நிழல் வெளியே போய்விடும். மின்விளக்கு வந்த பின்னரும் மேடையமைப்போர் முதலில் கவனிப்பது இதையேயன்றோ? ஒளி எவ்வளவு என்பது பிறகு. நிழல் எங்கே விழுகின்றது என்பதே முதல் வினா.

திரைக்கு எழினி என்று பெயர். எழினி மூன்று வகை. ஒரு பக்கத்துத் தூணிலிருந்து இழுத்து மூடுவது ஒருமுக எழினி. இரு பக்கங்களிலிருந்தும் வந்து நடுவில் பொருந்துவது பொருமுக எழினி. மேலே கட்டப்பட்டிருப்பது கரந்துவரல் எழினி.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். "மேனாட்டார் கண்ட திரைகளெல்லாம் நம்மிடம் முன்பே இருந்தன" என்று உடனே முழங்கிவிடுதல் ஆகாது. ஊர்களையும் அரண்மனைகளையும் தீட்டிய ஓவியத் திரைகள் காட்சிக்குக் காட்சி மாறும் வழக்கத்தை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுவினர் ஊர் ஊராகப் பரப்பினர். தமிழ்நாட்டு நாடக மேடை அவர்களைப் பார்த்து மாறியது. இங்கே பினாங்கில் 1880-ஆம் ஆண்டுகளில் தோன்றிய பங்சாவான் என்னும் மலாய் நாடகமும் அப்பார்சி வழியிலேயே பிறந்தது. அத்திரைகள் இடத்தைக் காட்டுவன. இளங்கோவடிகள் கூறும் எழினிகளோ ஆடுவாரை மறைப்பதற்கும் வெளிப்படுத்துவதற்கும் உரியன. பெயரும் துணியும் ஒன்றாயினும் பயன் வேறு. வேறுபாட்டை உணர்ந்து பாராட்டுவதே அறிஞர்க்கு அழகு.

அரங்கேறும் நாளில் மாதவி வலக்காலை முன்வைத்து ஏறி, வலத்தூண் அருகே நிற்கின்றாள். ஆடி முதிர்ந்த மகளிர் இடத்தூண் அருகே நிற்கின்றனர். குழல் முதலில் ஒலிக்க, யாழ் அதனைத் தழுவி எழுகின்றது. பின் தண்ணுமை, அதன்பின் முழவு, இறுதியில் ஆமந்திரிகை என்னும் இடக்கை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகள் சேர்கின்றன. அவள் பெற்ற பரிசு தலைக்கோற்பட்டமும் 1008 கழஞ்சு பொன் மதிப்புடைய மாலையும் ஆகும். தோற்ற மன்னனின் வெண்கொற்றக் குடைக்காம்பைக் கொண்டு மணி பதித்துச் செய்யப்பட்டது தலைக்கோல்.

இவை புலவர் கற்பனை என்று ஒதுக்குவோர்க்குக் கல்வெட்டுகள் விடை கூறும். சோழர் காலக் கல்வெட்டுகளில் தலைக்கோலி என்னும் பட்டம் பெற்ற ஆடல் மகளிர் பெயர்கள் வருகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தியதைக் கல்லே பேசுகின்றது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டதாகிய, ஈரோட்டை அடுத்த அறச்சலூர்க் கல்வெட்டு, தாள எழுத்துகளைக் கட்டங்களாக வெட்டி வைத்திருக்கின்றது.

ஏழிசையும் மூன்று கணக்கும்

இனி இசைக்கு வருவோம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன ஏழிசையின் தமிழ்ப் பெயர்கள். சட்சம் முதல் நிடாதம் வரை உள்ள ச, ரி, க, ம, ப, த, நி என்பவற்றுக்கு இவை முறையே நேராகும். இப்பெயர்களை மனப்பாடம் செய்வித்து நிறுத்திவிடுகின்றோம். ஆயின், பெயர் இசையாகாது. ஓர் இசைக்கும் அடுத்த இசைக்கும் இடைப்பட்ட தொலைவு தெரிந்தால்தான் பாட முடியும். அத்தொலைவைக் காண்பதற்குப் பழைய உரை மூன்று கணக்குகளை நமக்குத் தந்திருக்கின்றது.

முதற் கணக்கு மாத்திரை பற்றியது. இன்று சுருதி அல்லது அலகு என்று சொல்லப்படுவதே ஈண்டு மாத்திரை. குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2. ஆகக் கூடியது 22. இவற்றுள் 4-ம் 3-ம் பெரிய இடைவெளி என்றும், 2 சிறிய இடைவெளி என்றும் கொள்க. ஒவ்வோர் இசையும் தனக்குரிய மாத்திரைகளின் முடிவில் நிற்கின்றது என்று கொண்டால், குரலிலிருந்து ஏறிச் செல்லும் இடைவெளிகள் பெரிது, பெரிது, சிறிது, பெரிது, பெரிது, சிறிது, பெரிது என அமையும். இன்றைய பெயரில் இது அரிகாம்போதி. தனக்குரிய மாத்திரைகளின் தொடக்கத்தில் இசை நிற்கின்றது என்று கொண்டாலோ, பெரிது, பெரிது, பெரிது, சிறிது, பெரிது, பெரிது, சிறிது என அமைந்து கல்யாணி ஆகிவிடும். எண் ஒன்றே, நிற்கும் இடத்தை மாற்றினால் இசையே மாறிவிடுகின்றது.

இரண்டாம் கணக்கு வட்டம் பற்றியது. ஒரு வட்டத்தைப் பன்னிரண்டு இராசி வீடுகளாகப் பகுத்து, இடபம், கற்கடகம், சிங்கம், துலாம், தனுசு, கும்பம், மீனம் என்னும் ஏழு வீடுகளில் ஏழிசையையும் வைப்பர். அடுத்தடுத்த வீடாயின் சிறிய இடைவெளி. நடுவே ஒரு வீடு வெறுமையாயின் பெரிய இடைவெளி. குரலை எந்த வீட்டில் வைப்பது என்பதே கருத்து வேறுபாட்டுக்கு இடமானது. துலாத்தில் வைத்து எண்ணினால் மேலே கண்ட அரிகாம்போதியே வரும். இடபத்தில் வைத்து எண்ணினால் பெரிது, சிறிது, பெரிது, பெரிது, பெரிது, சிறிது, பெரிது எனக் கரகரப்பிரியா வரும்.

மூன்றாம் கணக்கு இசைகளின் பிறப்பு முறை பற்றியது. தாரத்திலிருந்து உழையும், உழையிலிருந்து குரலும், குரலிலிருந்து இளியும், இளியிலிருந்து துத்தமும், துத்தத்திலிருந்து விளரியும், விளரியிலிருந்து கைக்கிளையும் பிறக்கும் என்பர். ஒவ்வொன்றும் தன்னை ஈன்ற இசைக்கு ஐந்தாவதாக நிற்கின்றது. குரலுக்கும் இளிக்கும் உள்ள அந்த உறவு, ஒரு நரம்பை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்து மீட்டினால் கிடைப்பது. பன்னிரு வீட்டு வட்டத்தில், நின்ற வீட்டை ஒன்று என எண்ணத் தொடங்கினால், அது எட்டாம் வீடாகும்.

இம்மூன்றாம் கணக்கைக் கொண்டு முன்னிரண்டின் ஐயங்களையும் சோதித்துப் பார்க்கலாம். கல்யாணியில் தாரத்திலிருந்து உழை சரியாக வரும். ஆனால், உழையிலிருந்து எட்டாம் வீட்டில் குரல் இராது. அக்கணக்கு இரண்டாம் படியிலேயே முறிந்துவிடுகின்றது. இடபத்தில் குரலை வைத்தால் விளரி வரை ஐந்து படிகளும் ஒழுங்காக வரும். கடைசிப் படியில் கைக்கிளை கன்னியில் வருதல் வேண்டும். அதுவோ சிங்கத்தில் இருக்கின்றது. துலாத்தில் குரலை வைத்தால் சிங்கம், மீனம், துலாம், இடபம், தனுசு, கற்கடகம், கும்பம் என ஆறு படிகளும் பிசகின்றி நிறைவுறுகின்றன. மூன்று கணக்குகளும் ஒருங்கே பொருந்துமிடம் அது ஒன்றே. குரலைத் தொடக்கமாகக் கொண்ட செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்று பின்வந்த ஆய்வாளர் பலர் கொண்டதற்கு இது தக்க சான்றாகும். சிலப்பதிகார இசையை ஆய்ந்து அமெரிக்க நாட்டு வெசுலியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற எஸ். இராமநாதனும் அம்முடிபினரே.

வாதம் முற்றும் ஓய்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. மாத்திரை 22 அன்று, 24 என்று ஆபிரகாம் பண்டிதர் வலியுறுத்தினார். ஆயினும், வாதிட்ட அனைவரும் நரம்பையும் எண்ணையும் கொண்டே வாதிட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஏழு பாலை

ஏழிசையின் இடைவெளிகளை மாற்றாமல், தொடங்கும் இசையை மட்டும் மாற்றினால் புதிய பண் பிறக்கும். இதனையே இன்று கிரகபேதம் என்பர். குரலில் தொடங்கினால் செம்பாலை, துத்தத்தில் படுமலைப்பாலை, கைக்கிளையில் செவ்வழிப்பாலை, உழையில் அரும்பாலை, இளியில் கோடிப்பாலை, விளரியில் விளரிப்பாலை, தாரத்தில் மேற்செம்பாலை. இவ்வேழும் பிறக்கும் முறையை அரங்கேற்று காதை யாழாசிரியனின் இலக்கணத்தோடு சேர்த்துக் கூறுகின்றது. அவன் கையில் இருந்தது 14 நரம்புகள் கொண்ட யாழ். இருமுறை ஏழு என்பதே அதன் அமைப்பு.

யாழ் இன்று நம்மிடம் இல்லை. ஆனால், பல பள்ளிகளில் ஆர்மோனியமோ பியானோவோ இருக்கின்றது. அதன் வெள்ளைக் கட்டைகளை மட்டும் பயன்படுத்துக. மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில், முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவில் உள்ள வெள்ளைக் கட்டையைக் குரலாகக் கொள்க. பாடகர் ஐந்து கட்டை என்று சொல்வது அதுவே. அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளிலேயே ஏறிச் சென்றால் செம்பாலையாகிய அரிகாம்போதி ஒலிக்கும். அதற்கு அடுத்த வெள்ளைக் கட்டையைக் குரலாகக் கொண்டு ஏறினால் படுமலைப்பாலை, அது நடபைரவி. அதற்கும் அடுத்தது செவ்வழிப்பாலை. அதில் இளிக்குரிய நிறைந்த ஐந்தாம் இசை கிடைக்காது. ஆதலின் இன்றைய 72 மேளங்களில் அதற்கு நேரான இடம் இல்லை. நான்காவது அரும்பாலையாகிய சங்கராபரணம். ஐந்தாவது கோடிப்பாலையாகிய கரகரப்பிரியா. ஆறாவது விளரிப்பாலையாகிய தோடி. ஏழாவது மேற்செம்பாலையாகிய கல்யாணி.

பாலையின் பெயர்களை மட்டும் ஓதக் கேட்ட மாணவன் அவற்றைத் தேர்வு முடிந்ததும் மறப்பான். ஒருமுறை காதால் கேட்டவன் மறவான். ஆர்மோனியக் கட்டைகளின் சுருதி யாழ் நரம்பின் இயற்கைச் சுருதியிலிருந்து மிகச் சிறிதளவு வேறுபடும் என்பதையும் ஆசிரியர் உடன் சொல்லிவைத்தல் நலம்.

மாதரி காட்டிய வழி

இசைக் கணக்கை வகுப்பறைக்குக் கொண்டுவரும் வழியையும் இளங்கோவடிகளே காட்டியிருக்கின்றார். மதுரைக் காண்டத்து ஆய்ச்சியர் குரவையில், ஆயர்பாடியில் தீக்குறிகள் தோன்றுகின்றன. பால் உறையவில்லை, ஆனிரை கலங்குகின்றது. மாதரி கன்னியர் எழுவரை அழைத்து வட்டமாக நிறுத்தி, அவர்களுக்கு ஏழிசையின் பெயர்களையே இட்டு வழங்குகின்றாள். குரல் என்னும் பெயருடையவள் மாயவன், இளி பலராமன், துத்தம் நப்பின்னை. குரலும் இளியும் உடன்பிறந்தோராக நிற்பதில் இசையுறவும் அடங்கியிருக்கின்றது. எழுத்தறியாத ஆயர்மகளிர் கால்களாலேயே கற்கத்தக்கதாக இசையிலக்கணம் அங்கே நிற்கின்றது.

நம் மாணவர்க்கும் இதுவே வழி. பள்ளி மண்டபத்தின் தரையில் சுண்ணக்கட்டியால் பன்னிரு வீடுகள் கொண்ட வட்டம் ஒன்று வரைக. ஏழு மாணவரை உரிய ஏழு வீடுகளில் நிறுத்துக. தாரமாக நிற்பவன் எட்டாம் வீடு எண்ணி உழையைத் தொடட்டும். உழை குரலைத் தொடட்டும். இவ்வாறே கைக்கிளை வரை செல்லட்டும். பின்னர் வட்டத்துக்குப் பக்கத்தில் 14 அடிக்கு 16 அடி அளவில் ஆடரங்கு ஒன்று வரைந்து, தூண் நிற்கும் இடத்தையும் விளக்கு வைக்கும் இடத்தையும் அவர்களையே குறிக்கச் சொல்க. இரண்டு வகுப்பு நேரங்கள் போதும். அதன்பின் அரங்கேற்று காதையைத் திறந்து வைத்தால், அருஞ்சொற்கள் தாமே பொருள் விளங்கி நிற்கும்.

இதனை நாம் செய்யாவிடின் வரும் கேடு இரு வகைப்படும். கற்க விரும்பும் மாணவன், இசையும் அரங்கமும் தமிழில் இல்லை என்று எண்ணி வேறிடம் தேடிப் போவான். கற்காமலே பெருமை பேச விரும்புவோன், எல்லாம் தமிழிலேயே இருந்தன என்று அளவின்றிப் பேசுவான். இவ்விருவர்க்கும் மருந்து ஒன்றே. அது அளந்து காட்டுதல்.

அடியார்க்குநல்லார் தம் காலத்தில் எஞ்சிய ஐந்து நூல்களைக் கொண்டு இயன்ற மட்டும் விளக்கி வைத்தார். சாமிநாதையர் ஏட்டைத் தேடி அச்சிட்டார். பண்டிதரும் அடிகளும் தம் வாழ்நாளை எண்ணிலும் நரம்பிலும் செலவிட்டனர். அவர்கள் மீட்டுத் தந்ததை அடுத்த தலைமுறையின் காதிலும் கண்ணிலும் சேர்ப்பது தமிழாசிரியராகிய நம் கடன். அடுத்த முறை பாடநூலில் அரங்கேற்று காதை வரும்போது, அதனைத் தாண்டிச் செல்லாமல், ஒரு கோலோடும் ஓர் ஆர்மோனியத்தோடும் வகுப்புக்குள் நுழைவோமாக.